போனில் டோரண்ட் நின்றுவிட்டால்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

டோரண்ட் என்பது ஒரு கோப்பைப் பலரின் கருவிகளிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறை. டவுன்லோட் நின்றுபோனதும் புதியவர்கள் பலரும் செய்வது டோரண்டை அழித்துவிட்டு மறுபடி சேர்ப்பதுதான். அதுவரை இறங்கிய 3 ஜிபி அதோடு போய்விடும். நின்றதற்கான காரணம் மட்டும் அப்படியே இருக்கும், அரை மணி நேரத்தில் மறுபடி நிற்கும். இதைப் பலரிடம் பார்த்த பிறகுதான் கீழே உள்ள வரிசையை வைத்துக்கொண்டேன். சுலபமாகச் சரிபார்க்கக்கூடியது முன்னால், நேரம் பிடிப்பது பின்னால், எதையாவது இழக்க வாய்ப்புள்ளது கடைசியில். வரிசையை மாற்றாமல் போங்கள்.

இது ஆண்ட்ராய்டு போனுக்கானது. ஃப்ளட், லிப்ரெடோரண்ட் போன்ற செயலிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். செட்டிங்கின் பெயர் செயலிக்குச் செயலி கொஞ்சம் மாறும், பொருள் மாறாது. எடுத்துக்காட்டுகளாக வருபவை எல்லாம் யாரும் தாராளமாக இறக்கிக்கொள்ளக்கூடியவை: டெபியன் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம், இணையம் இல்லாமல் விக்கிப்பீடியா படிக்க உதவும் கிவிக்ஸ் கோப்புகள், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் உள்ள, பதிப்புரிமை முடிந்த புத்தகங்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

போனைச் சார்ஜரில் போடுங்கள். 12 சதவீதப் பேட்டரியோடு சோதித்தால், பேட்டரி குறைவால் நின்றதா வேறு காரணமா என்று பிரிக்கவே முடியாது.

இரண்டு விதமான இணைப்பு கையில் இருக்கட்டும்: ஒரு வைஃபை, ஒரு சிம் டேட்டா. ஒன்றில் ஓடி இன்னொன்றில் ஓடவில்லை என்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அப்புறம், சோதனைக்கு ஒரு நல்ல டோரண்ட். டெபியனின் அதிகாரபூர்வ தளத்தில் கிடைக்கும் நெட்இன்ஸ்ட் (சிறிய நிறுவல் கோப்பு) டோரண்ட் இதற்குப் பொருத்தம். ஒரு ஜிபிக்கும் குறைவானது, எந்த நேரமும் நிறைய சீடர்கள் இருப்பார்கள். சீடர் என்றால் முழுக் கோப்பையும் வைத்திருந்து மற்றவருக்குக் கொடுப்பவர். பாதியோ முழுசோ, அந்த டோரண்டில் இணைந்திருக்கும் எவரும் பியர். மேக்னட் லிங்காக (கோப்பின் அடையாளக் கோவையைத் தாங்கிய இணைப்பு, 7-ஆம் படியில் விளக்கம்) அல்லாமல் டோரண்ட் கோப்பாகவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. செயலி என்ன சொல்கிறது என்று படியுங்கள்

"நின்றுவிட்டது" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள். செயலியோ ஐந்து வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறது. டோரண்டைத் தொட்டுத் திறந்து, நிலை என்ற இடத்தில் இருப்பதைப் படியுங்கள்.

"டவுன்லோடிங் மெட்டாடேட்டா" என்று இருந்தால் கோப்பு இன்னும் தொடங்கவே இல்லை. 7-ஆம் படி அதற்குத்தான். "க்யூட்" அல்லது "பாஸ்டு" என்றால் செயலியே நிறுத்தி வைத்திருக்கிறது, 4-ஆம் படி. "எரர்" என்று சிவப்பில் வந்தால் முக்கால்வாசி நேரம் சேமிப்பிடக் கோளாறு, 6-ஆம் படிக்கு நேராகப் போய்விடலாம். "டவுன்லோடிங்" என்று இருந்தும் வேகம் 0 என்றால் பியர் எண்ணிக்கையைப் பாருங்கள். பியரே இல்லை என்பதும், பியர் இருந்தும் வரவில்லை என்பதும் வேறு வேறு நோய்: முன்னதற்கு 7, 8-ஆம் படிகள், பின்னதற்கு 9-ஆம் படி.

ஐந்தாவது நிலைதான் பலரை ஏமாற்றும்: "செக்கிங்". இது நின்றதே அல்ல. ஏற்கெனவே இறங்கியதைச் செயலி துண்டு துண்டாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. பெரிய கோப்பும் பழைய மெமரி கார்டும் சேர்ந்தால் வெகுநேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் செயலியை மூடினால் சரிபார்ப்பு முதலிலிருந்து தொடங்கும்.

3. டெபியன் டோரண்டை ஐந்து நிமிடம் ஓட்டுங்கள்

நின்றுபோன டோரண்டை பாஸ் செய்துவிட்டு டெபியனைச் சேருங்கள். முழுக்க இறக்க வேண்டியதில்லை.

டெபியன் நன்றாக ஓடினால் உங்கள் போனும் இணைப்பும் சரி. கோளாறு அந்த டோரண்டில் அல்லது அதைச் சேமிக்கும் இடத்தில். 4, 5 படிகளை வேகமாகப் பார்த்துவிட்டு 6, 8, 9-க்குப் போங்கள். டெபியனும் நின்றால் போனிலோ நெட்வொர்க்கிலோ சிக்கல், 4-இலிருந்து வரிசையாக வாருங்கள்.

இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள். யாருமே கொடுக்காத ஒரு டோரண்டுக்காக இரண்டு நாள் ரூட்டர் செட்டிங்கை மாற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. செயலியே போட்டிருக்கும் தடைகள்

போன் செயலிகளில், கணினியில் அவ்வளவாகக் கண்ணில் படாத சில தடைகள் உண்டு. வைஃபையில் மட்டும் இறக்கு, சார்ஜில் இருக்கும்போது மட்டும் இறக்கு, பேட்டரி குறைந்தால் நிறுத்து, ரோமிங்கில் நிறுத்து. நிறுவியபோது யோசிக்காமல் டிக் செய்திருப்போம், மறந்திருப்போம். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் போனை நீட்டி, "அண்ணா, வைஃபைலதான் இருக்கேன், ஆனா வைஃபை இல்லைன்னு நிக்குது" என்றான். மேலே வைஃபை குறி முழுசாக இருந்தது. அவன் இணைந்திருந்தது அவன் அக்கா போனின் ஹாட்ஸ்பாட்டில். இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டை ஆண்ட்ராய்டு பெரும்பாலும் தானாகவே அடையாளம் கண்டு, "மீட்டர்டு", அதாவது அளவுக்குட்பட்ட இணைப்பு என்று குறித்துவிடும். செயலியில் "அன்மீட்டர்டு இணைப்பில் மட்டும்" என்று இருந்ததால் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

இதற்கு வழி: போன் செட்டிங்கில் அந்த வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறியைத் தொட்டு, மீட்டர்டு என்ற இடத்தில் "அன்மீட்டர்டு" என்று மாற்றுங்கள். ஆனால் அந்த டேட்டா யாருடைய பேக்கிலிருந்து போகிறதோ அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். 2 ஜிபி தினசரிப் பேக் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

அடுத்து, ஒரே நேரத்தில் எத்தனை டோரண்ட் ஓடலாம் என்ற எண்ணிக்கை. அது 2 என்று இருந்து, முன்னால் இரண்டு செத்த (யாருமே கொடுக்காத) டோரண்டுகள் வரிசையில் நின்றால், மூன்றாவதாக இருக்கும் நல்ல டோரண்டுக்கு முறையே வராமல் போகலாம். செத்தவற்றை பாஸ் செய்யுங்கள்.

கடைசியாக வேக வரம்பு. அப்லோட் வரம்பை 1 கேபி என்று வைத்தால் டேட்டா மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். டோரண்ட் கொடுக்கல் வாங்கலில் நடக்கிறது. தனக்குத் துண்டு கொடுப்பவருக்கே பியர்கள் முன்னுரிமை தருவார்கள். எதுவுமே கொடுக்காதவர் எப்போதாவது வரும் இலவச வாய்ப்புக்கும் சீடர்களின் தயவுக்கும் காத்திருக்க வேண்டும். அதற்காக அப்லோடைத் திறந்தும் விடாதீர்கள். மேலே போகும் பாதை நிரம்பினால் கீழே வருவதும் திணறும். உங்கள் அப்லோட் வேகம் 8 எம்பிபிஎஸ் என்றால் அது நொடிக்கு 1 எம்பிதான், ஏனென்றால் 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். அதில் முக்கால் பங்கு, அதாவது 750 கேபி அளவுக்கு வையுங்கள்.

5. திரை அணைந்ததும் நிற்கிறதா

திரை எரியும்போது ஓடுகிறது, போனைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தால் நின்றிருக்கிறது. இது போன் செயலியைத் தூங்கவைக்கும் வேலை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்து, அசையாமல் கிடக்கும் போனில் பின்னணிச் செயலிகளின் நெட்வொர்க்கை ஆண்ட்ராய்டு கட்டுப்படுத்துகிறது. போன் தயாரிப்பாளர்கள் அதற்கு மேல் தங்கள் பங்குக்கும் ஒரு பூட்டுப் போடுகிறார்கள்.

செட்டிங்ஸ், ஆப்ஸ், உங்கள் டோரண்ட் செயலி, பேட்டரி என்று போய் "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்று மாற்றுங்கள். சாம்சங்கில் கூடுதலாக "ஸ்லீப்பிங் ஆப்ஸ்", "டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்" பட்டியல்களில் இந்தச் செயலி இருந்தால் நீக்குங்கள். ஷாவ்மி, ரெட்மி போன்களில் "ஆட்டோஸ்டார்ட்" அனுமதி கொடுங்கள். டேட்டா சேவர் போட்டிருந்தால் இந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

சமீபத்திய செயலிகளின் பட்டியலைத் துடைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். எல்லா ஆப்பையும் மேலே தள்ளி மூடினால் போன் வேகமாகும் என்று நினைத்துச் செய்கிறோம். பல போன்களில் அப்படித் தள்ளினால் டோரண்ட் சேவையும் சேர்ந்தே சாகும். அந்தப் பட்டியலில் செயலியின் மேல் பூட்டுக் குறி போடும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு 15-இல் இன்னொரு காரணம் சேர்ந்திருக்கிறது. அந்தப் பதிப்புக்கென்று புதுப்பிக்கப்பட்ட செயலிகள் டேட்டா பரிமாற்றச் சேவையைப் பின்னணியில் 24 மணி நேரத்துக்கு 6 மணி நேரம் மட்டுமே ஓட்ட முடியும். இரவு 11-க்குப் போட்டது விடியற்காலை 5 மணி வாக்கில் நிற்கிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். செயலியை ஒருமுறை திறந்தால் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

6. சேமிக்கும் இடம்

எரர் வந்தால், அல்லது ஒவ்வொரு முறையும் 4 ஜிபி அருகிலேயே முட்டிக்கொண்டு நின்றால், மெமரி கார்டைப் பாருங்கள். 32 ஜிபி வரையிலான கார்டுகள் வழக்கமாக ஃபேட்32 முறையில் வருகின்றன. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கார்டில் 20 ஜிபி காலியாக இருந்தாலும் 5 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பு ஏறாது. காலியிடம் காட்டுகிறதே என்று இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கோப்பைப் போனின் உள் நினைவகத்துக்கு மாற்றுவதே சுலபம். கார்டை இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மட் செய்யலாம், ஆனால் உள்ளே இருக்கும் எல்லாம் அழியும். முதலில் படங்களை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, அனுமதி. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-இலிருந்து கோப்புறை அனுமதி இறுகிவிட்டது. வழக்கமாக நாம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கோப்புறையில்தான் செயலி எழுத முடியும். கார்டைக் கழற்றிப் போட்டாலோ கோப்புறையின் பெயரை மாற்றினாலோ அந்த அனுமதி செல்லாமல் போகலாம். செயலியின் சேமிப்பிட செட்டிங்கில் அதே கோப்புறையை மறுபடி தேர்ந்தெடுத்து "அனுமதி" கொடுத்தால் போதும்.

மூன்றாவது, போலிக் கார்டு. 128 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் கார்டுகள் மலிவு விலையில் சுற்றுகின்றன. அடையாளம் இதுதான்: சதவீதம் ஏறும், மறுசரிபார்ப்பு கொடுத்தால் கீழே இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். அப்படி நடந்தால் அந்தக் கார்டில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கோப்பு மேலாளரில் பார்த்தால் கோப்பின் அளவு முழுசாக 4.3 ஜிபி என்று காட்டும், செயலியில் 30 சதவீதம் என்று இருக்கும். செயலி பல நேரங்களில் முதலிலேயே முழு அளவுக்கு இடம் ஒதுக்கிவிடுவதால் வரும் தோற்றம் அது. சதவீதத்தை நம்புங்கள், அளவை அல்ல.

7. மெட்டாடேட்டாவிலேயே நின்றால்

மேக்னட் லிங்கில் கோப்பைப் பற்றிய முழு விவரம் கிடையாது, முக்கியமாக ஓர் அடையாளக் கோவைதான் உண்டு. கோப்புகளின் பட்டியல், அளவு, துண்டுகளின் பட்டியல் எல்லாவற்றையும் யாராவது ஒரு பியரிடம் கேட்டு வாங்க வேண்டும். பியரே கிடைக்காதபோது அங்கேயே நிற்கும்.

முதலில் லிங்க் முழுசாக இருக்கிறதா பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததைக் கையால் தேர்ந்தெடுத்து நகலெடுக்கும்போது வால் அறுந்துபோவது சகஜம். அடையாளக் கோவை பெரும்பாலும் 40 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

லிங்க் சரி என்றால் செயலியில் டிஹெச்டி இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். நடுவில் சர்வர் இல்லாமல் பியர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் முறை அது. சில செயலிகள் டிஹெச்டி நோட் எண்ணிக்கையைக் காட்டும். சில நிமிடம் கழித்தும் அது 0 என்றால், அந்த நெட்வொர்க் யுடிபி என்ற, டிஹெச்டி பயன்படுத்தும் தரவு வழியை அடைத்திருக்கலாம். கல்லூரி, விடுதி, அலுவலக வைஃபைகளில் இது நடக்கும். அங்கே போராட வேண்டாம், வேறு இணைப்புக்கு மாறுங்கள்.

அதே பொருளுக்கு டோரண்ட் கோப்பு கிடைத்தால் மேக்னட்டை விட்டுவிட்டு அதை எடுங்கள். விவரங்கள் உள்ளேயே இருப்பதால் இந்தப் படியே தேவைப்படாது.

8. சிம் டேட்டாவில் மட்டும் வரவில்லை என்றால்

மொபைல் நிறுவனங்கள் பொதுவாக ஒரே வெளி முகவரியை ஏராளமான போன்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. பெரிய அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரே முகவரி, உள்ளே நூறு வீடு. நீங்கள் கூப்பிட்டு வருபவரை வாட்ச்மேன் விடுவார். தானாக வருபவர் எந்த வீட்டுக்கு என்று அவருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் நீங்கள் மற்றவரைத் தேடிப்போய் இணையலாம், மற்றவர் உங்களைத் தேடி வர முடியாது. சீடர் ஒருவர்தான், அவரும் இப்படியொரு அபார்ட்மென்ட்டில்தான் என்றால், இருவரும் சந்திப்பது மிகவும் கடினம். பட்டியலில் சீடர் 1 என்று காட்டியும் இணைப்பு 0 என்று நிற்பதற்கு இது முக்கியக் காரணம்.

போன் செட்டிங்கில் உங்கள் ஐபி முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் நீங்கள் அப்படிப்பட்ட கட்டடத்துக்குள் இருக்கிறீர்கள். செயலியில் போர்ட் எண்ணை (வெளியிலிருந்து வருபவர் நுழையும் வாசல் எண்) மாற்றிப் பயனில்லை. செயலியில் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) வசதி இருந்தால் இயக்குங்கள், அதில் இந்தப் பகிர்வு முறை தேவைப்படுவதில்லை. இல்லையென்றால் வீட்டு வைஃபை.

வீட்டு வைஃபையில் யுபிஎன்பி என்ற வசதி ரூட்டரிலும் செயலியிலும் இயக்கத்தில் இருக்கட்டும். வெளியிலிருந்து வருபவருக்குக் கதவைத் தானாகத் திறந்துவிடுவது அதுதான். வீட்டு இணைப்பும் பகிர்வு முகவரியில் ஓடினால் இதனால் பலன் இருக்காது. டோரண்ட் தொடங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் நெட் படுத்துவிடுகிறது என்றால் மொத்த இணைப்பு எண்ணிக்கையை 100-க்குக் குறையுங்கள். பழைய, மலிவான ரூட்டர்கள் சில அதிக இணைப்புகளைக் கணக்கு வைத்துக்கொள்ளத் திணறும்.

போனின் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பு இணைப்பில் இயங்கும் டிராக்கர்களோடு (எந்தெந்தப் பியர் இருக்கிறார் என்று பட்டியல் வைத்திருக்கும் சர்வர்கள்) இணைய முடியாமல் போகலாம்.

9. பியர் இருந்தும் துண்டு வரவில்லை

விவரப் பக்கத்தில் "அவைலபிலிட்டி" என்று ஓர் எண் இருக்கும். இணைந்திருப்பவர்களிடம் மொத்தமாக எத்தனை முழுப் பிரதி இருக்கிறது என்பதன் கணக்கு அது. 0.93 என்றால், பன்னிரண்டு பேர் இருந்தாலும் மீதி 7 சதவீதம் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரிடமும் இல்லை. எல்லோருமே உங்களைப் போலக் காத்திருக்கிறார்கள். இங்கே எந்த செட்டிங்கும் உதவாது. யாராவது ஒரு சீடர் வர வேண்டும். இரண்டு மூன்று நாள் இரவும் பகலுமாக விட்டு வையுங்கள், நமக்கு இரவாக இருக்கும்போது கணினியைத் திறக்கும் சீடர்கள் உண்டு.

டிராக்கர் பட்டியல் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து 200 வரி ஒட்டுவது பரவலான பழக்கம். தன்னிடம் வந்து பெயர் கொடுத்தவரை மட்டுமே டிராக்கருக்குத் தெரியும். அந்தச் சீடர் பெயர் கொடுக்காத டிராக்கர்களை எத்தனை சேர்த்தாலும் பேட்டரிதான் போகும். ஐந்தாறு போதும். பிரைவேட் (தன் டிராக்கர் வழியாக மட்டும் பியரைத் தேடும் வகை) என்று குறிக்கப்பட்ட டோரண்டில் அதுவும் வேண்டாம்.

டோரண்ட் பழசா என்றும் பாருங்கள். கிவிக்ஸ் கோப்புகளின் பெயரிலேயே ஆண்டும் மாதமும் இருக்கும். புதிய பதிப்பு வந்ததும் பழையதை வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே போவார்கள். தமிழ் விக்கிப்பீடியாவுக்கான பழைய டோரண்டை நாள்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, இப்போதைய பதிப்பை எடுத்தால் பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும்.

10. 99 சதவீதத்தில் நின்றால்

இன்டர்நெட் ஆர்க்கைவ் டோரண்டுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். டோரண்ட் உருவான பிறகு அந்தப் பக்கத்தின் விவரக் கோப்பு மாறியிருக்கும். சில கேபி அளவுள்ள ஓர் எக்ஸ்எம்எல் கோப்புதான், ஆனால் இப்போது சர்வரில் இருப்பது பழைய டோரண்டின் கணக்கோடு ஒத்துப்போகாது. செயலி இறக்கும், சரிபார்க்கும், தூக்கி எறியும், மறுபடி இறக்கும்.

கோப்புகள் பட்டியலைத் திறந்து எது முடியவில்லை என்று பாருங்கள். அது விவரக் கோப்பு மட்டும்தான் என்றால் உங்களுக்கு வேண்டிய புத்தகம் ஏற்கெனவே முழுசாக வந்துவிட்டது, டிக்கை எடுத்துவிடலாம். பக்கத்துக் கோப்பும் சேர்ந்து 99-இல் நின்றால், இரண்டும் ஒரே துண்டைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. அப்போது அந்தப் பக்கத்துக்குப் போய்ப் புதிய டோரண்ட் கோப்பை எடுத்து, அடுத்த படியில் உள்ளபடி சேருங்கள்.

வேறு டோரண்டுகளில் 99-இல் நின்றால் முதலில் "ஃபோர்ஸ் ரீசெக்" கொடுங்கள். கெட்டுப்போன துண்டுகளை மட்டும் கண்டுபிடித்து மறுபடி கேட்கும்.

11. நீக்கிச் சேர்ப்பது, இழக்காமல்

இவ்வளவுக்கும் பிறகு நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால், நீக்கும்போது வரும் பெட்டியில் "கோப்புகளையும் அழி" என்ற டிக் இல்லாமல் இருப்பதை உறுதி செய்யுங்கள். அந்த ஒரு டிக்தான் 3 ஜிபியைக் கொண்டுபோவது.

நீக்குவதற்கு முன் சேமிப்பிடத்தின் முழுப் பாதையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி சேர்க்கும்போது அதே கோப்புறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் செயலி புதுக் கோப்புறை உருவாக்கி 0-இலிருந்து தொடங்கும். இடையில் கோப்பின் பெயரை மாற்றாதீர்கள், கோப்பு மேலாளரால் நகர்த்தாதீர்கள்.

சேர்த்ததும் உடனே ஓடவிடாமல் பாஸில் வைத்து ரீசெக் கொடுங்கள். போன் சூடாகும், சார்ஜரில் இருக்கட்டும், திரையை அணைக்காதீர்கள். சதவீதம் மெல்ல ஏறி, நீக்குவதற்கு முன் இருந்த இடத்துக்கு அருகில் வந்து நின்றதும் ஸ்டார்ட் அழுத்துங்கள்.